ஹூஸ்டனின் மெகா 101: திருகோணமலையில் இருந்து கேட்பவர்களுக்கு

ரெகேட்டோன் என்ற லத்தீன் அமெரிக்க ஆட்ட இசைப் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போடாமல், அறிவிப்பாளர் பேச்சோடு தொடர்ச்சியாகக் கேட்க விரும்புபவர்களுக்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து மெகா 101 வானொலி நல்ல தெரிவு. பண்பலையில் 101.1, அழைப்பெழுத்து கேஎல்ஓஎல். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். குறைத்த ஒன்று ஏன் என்பது அதன் வரலாற்றிலேயே இருக்கிறது.

1970 முதல் அந்த அலைவரிசை ராக் இசைக்குப் பேர்போனது. 2004 நவம்பர் 12இல் அப்போதைய உரிமையாளரான கிளியர் சனல் ராக்கை நிறுத்தி, லத்தீன் நகர்ப்புற இசைக்கு மாற்றியது. பழைய நேயர்களுக்குக் கடுங்கோபம். ஆனால் காலத்தைச் சரியாகவே கணித்திருந்தார்கள். அதே வருடம்தான் ரெகேட்டோன் பாடகர் டேடி யாங்கியின் ‘காசோலினா’ பாட்டு புவேர்ட்டோ ரிக்கோவைத் தாண்டிப் பரவத் தொடங்கியது. வீட்டில் ஸ்பானியம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, தாங்கள் பேசுகிற மாதிரியே இரண்டையும் கலந்து பேசும் வானொலி தேவைப்பட்டது. ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி வழியினர்), அர்பன் (நகர்ப்புறம்) என்ற இரண்டையும் ஒட்டி ‘ஹர்பன்’ என்று இந்த வகைக்குப் பெயர் வந்தது. 2005இல் லொஸ் ஏஞ்சலிஸின் லத்தீனோ 96.3 அதே வழியில் இறங்கியது.

மெகா 2009இல் சிபிஎஸ் ரேடியோவுக்கும் 2017இல் என்டர்கொமுக்கும் கைமாறியது. 2021இல் அந்த நிறுவனம் தன் பெயரை ஒடசி என்று மாற்றிக்கொண்டது. இத்தனைக்கும் நடுவில் தொடக்ககால ஹிப்ஹொப் காரம் குறைந்து, லத்தீன் பொப்பின் இனிப்பு கூடிவிட்டது. ஒரு புள்ளி போனது அங்கேதான்.

தாளத்தைப் பிடித்துக்கொண்டால் மொழி தெரியாதது பெரிய தடையில்லை. ரெகேட்டோனின் அடித்தளம் டெம்போ (dembow) என்ற தாள அடி. ஜமெய்க்காவின் டான்ஸ்ஹோலில் பிறந்து, பனாமாவின் ஸ்பானிய மொழிப் பாடகர்கள் வழியாகப் புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் போனது. எட்டு எண்ணி ‘தகிட தகிட தக’ என்று சொல்லிப் பாருங்கள். மூன்று, மூன்று, இரண்டு. கனமான கிக் (தாழ்ந்த ஒலி டிரம்) ஒன்றிலும் ஐந்திலும் விழும், ஸ்நெயார் (கூர்மையான ஒலி டிரம்) நாலிலும் ஏழிலும் வெட்டும். அந்த நாலாவது வெட்டுத்தான் இடுப்பை அசைக்கிறது. நம்மூர் பைலா ஆறு எண்ணிக்கையில் ஓடுவதால் இரண்டும் வேறு நடை. ஆனால் சொல் ஒன்றுதான்: போர்த்துக்கீசத்திலும் ஸ்பானியத்திலும் ‘பைலார்’ என்றால் ஆடுவது. பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் கப்பிரிஞ்ஞா கேட்டு வளர்ந்த ஊருக்கு, இந்தப் பாட்டுகளில் அடிக்கடி வரும் ‘பைலா’ என்ற சொல் அந்நியமாகப் படாது.

கேட்கும் நேரம் முக்கியம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஹூஸ்டன் நம்மை விடப் பத்தரை மணித்தியாலம் பிந்தியது, மற்ற மாதங்களில் பதினொன்றரை. அங்கே காலை 6 மணி என்றால் இங்கே மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. ஆகவே அவர்கள் வேலைக்குப் போகும்போது கேட்கும் கலகலப்பு, நாம் வேலை முடிந்து வரும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும். நம்முடைய நடுப்பகலில் திறந்தால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். பேச்சை எதிர்பார்க்க வேண்டாம்.

இங்கிருந்து இணையம் வழியாகத்தான் கேட்க முடியும். நொடிக்கு 64 கிலோபிட் ஓட்டத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 28.8 மெகாபைட் டேட்டா போகும், 128இல் 57.6. தினம் மூன்று மணித்தியாலம் 64இல் கேட்டால் மாதம் ஏறத்தாழ 2.6 கிகாபைட். இன்னும் குறைத்தால் ஸ்நெயார் தண்ணீர் தெளித்த மாதிரிக் குழம்பிவிடும். போனின் சொந்த ஸ்பீக்கரில் கிக் கேட்காது, அந்தச் சின்னத் தகட்டால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள முடியாது. தாளத்தில் பாதி அங்கேயே போய்விடும் என்பதால் ஹெட்செட் அவசியம். நிலாவெளி வீதியில் பஸ்ஸில் போகும்போது பாட்டு விட்டுவிட்டு வந்தால் அது கோபுரம் மாறும் சிக்கல், நிலையத்தின் பிழை இல்லை. ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்ற செய்தி வந்தால் செயலியை அழித்து மறுபடி போடுவதில் பயனில்லை. ஒலிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி.

விளம்பர இடைவேளைகள் நீளம். புது ஹிட் பாட்டுகள் ஒரே நாளில் பல தடவை திரும்ப வரும். இந்த வகை நிலையங்களின் இயல்பே அது. ஒரே மூச்சில் முழு நாளும் ஓட விடாதீர்கள், மாலையில் இரண்டு மணித்தியாலம் போதும். ஹூஸ்டனின் வெள்ளி இரவு 10 மணிச் சூட்டைப் பிடிக்க விரும்பினால், சனி காலை 8.30க்கு, குளிர்காலத்தில் 9.30க்குத் திறவுங்கள்.