மழை பட்டால் கெடும் காகிதம்: 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் காட்டன் பேட், இரண்டு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

விலை இறங்கியிருக்கிறதே, இந்த வாட்டர்கலர் காகிதப் பேட் நாலைந்து சேர்த்து வாங்கிப் போட்டுவிடலாமா என்று பறவை வரையும் நண்பர் கேட்டார். A4, கோல்ட் பிரஸ் (லேசான மேடுபள்ளமுள்ள பரப்பு), நூறு சதவீதம் காட்டன். மற்ற விவரமெல்லாம் அட்டையிலேயே இருக்கிறது.

மடையான் கொக்கு வரைய இதைவிட நல்ல காகிதம் இந்த விலையில் கிடையாது. கழுத்தில் இறங்கும் பழுப்புக் கோடுகளுக்குத் தூரிகையைத் துணியில் ஒற்றி, ஈரம் குறைத்து, படுக்கவைத்து இழுக்க வேண்டும். மேடுகளில் மட்டும் நிறம் பிடித்து, கோடு பிசிறு பிசிறாக விழும். இறகை ஒவ்வொன்றாகப் போட வேண்டியதே இல்லை.

வெண்மார்பு மீன்கொத்தியில்தான் சிக்கல் தொடங்குகிறது. அதன் முதுகிறகில் நீல நிறமி என்று ஒன்றும் கிடையாது. இறகுக்குள் உள்ள பஞ்சு போன்ற நுண்ணமைப்பில் ஒளி சிதறித்தான் அந்த நீலம் வருகிறது. அதைக் கெட்டியாக அப்பினால் சாயம் பூசிய மரப்பொம்மை ஆகிவிடும். கோபால்ட் டர்காய்ஸ் மெல்லிசாக ஒரு வாஷ், அதாவது தண்ணீர் நிறையக் கலந்த பூச்சு. நன்றாகக் காய்ந்தபின் தோளோரத்திலும் சிறகு மடிப்பிலும் தாலோ நீலம் ஒரு வாஷ். அடியிலிருக்கும் வெள்ளை ஊடே தெரிந்தால்தான் மினுக்கம். அதற்கு நிறம் காகிதத்தின் மேலேயே தங்க வேண்டும். தங்க வைப்பது சைஸிங், அதாவது காகிதத்துக்குப் போட்டிருக்கும் ஜெலட்டின் பசை.

அந்தப் பசைதான் நம் ஊர் ஈரக்காற்றுக்குத் தாங்குவதில்லை. பேட்டைப் பிரித்து ஒரு மழைக்காலம் கடந்ததும், சமமாக இழுத்த வாஷில் அங்கங்கே கரும்புள்ளி விழுகிறது. பசை போன இடம் மையொற்றுத்தாள் மாதிரி நிறத்தைக் குடித்துவிடுகிறது. தாலோ நீலம் கறையாகப் பிடிக்கும் நிறம் வேறு; ஈரத் தூரிகையால் எவ்வளவு தேய்த்தாலும் எழும்பாது. வெள்ளை மார்பில் நிறம் படாமல் காக்கப் போட்ட மாஸ்கிங் ஃப்ளூயிடை (காய்ந்ததும் ரப்பர் போல உரித்தெடுக்கும் திரவம்) உரித்தால் காகிதத் தோலும் சேர்ந்து வருகிறது. ஹேர் டிரையரால் சூடாக்கியிருந்தால் இன்னும் மோசம். வேடந்தாங்கலில் பறவை குவிகிற அதே வடகிழக்குப் பருவமழையில்தான் காகிதமும் கைவிடுகிறது என்பது பெரிய வயிற்றெரிச்சல்.

வரையத் தொடங்குமுன் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சற்று நேரம் பளபளவென்று மேலேயே நின்றால் தாள் நல்லது. வைத்ததுமே உள்ளே இறங்கி மங்கினால் அந்தத் தாளில் வாஷ் போடாதீர்கள். பென்சிலுக்கோ கவாஷ் என்கிற கெட்டி வண்ணத்துக்கோ ஒதுக்கிவிடுங்கள்.

காப்பாற்றியே ஆக வேண்டுமென்றால் 200 மி.லி. தண்ணீரில் 5 கிராம் சுவை சேர்க்காத ஜெலட்டினைப் பத்து நிமிடம் ஊறவைத்து, கொதிக்க விடாமல் சூடாக்கிக் கரையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே பட்டைத் தூரிகையால் ஒரே பூச்சாகப் பூசி, கொடியில் மாட்டி உலர்த்துங்கள். வாஷ் ஓரளவு நிற்கும். ஆனால் மாஸ்கிங்கை மட்டும் நம்பாதீர்கள்.

பிரித்த பேட்டை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஜிப் கவரில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வைத்தால் ஆயுள் கூடுகிறது. பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

எடை, பஞ்சு அளவு, தாள் எண்ணிக்கை எல்லாம் அட்டையில் அச்சடிக்கிறார்கள். எந்த மாதம் தயாரித்தது என்பது மட்டும் இல்லை. கடை கிடங்கில் எத்தனை மழையைப் பார்த்த பேட் என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? இந்த விலையில் இவ்வளவு நல்ல காகிதம் வேறில்லை என்பது உண்மைதான். ஆனாலும் நண்பருக்குச் சொன்னது: வாங்க வேண்டாம். மீறி வாங்கினால் ஒன்றே ஒன்று, அதுவும் மழை முடிந்து தை பிறந்த பிறகு.