பழைய ஈய கோப்ளின் படை: உரிப்பதா விடுவதா, டெட்டாலா அசிட்டோனா, எந்த முறையில் தீட்டுவது

இங்கிலாந்தின் நியூவார்க் பக்கம் நடந்த ஒரு போர்விளையாட்டுக் கண்காட்சியில், பழைய பொம்மைகளை வாங்கி விற்கிற மேசையில், போன வருஷம் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 63 கோப்ளின்கள், அதாவது கற்பனைக் கதைகளில் வருகிற குட்டிப் பூத வீரர்களின் பொம்மைகள். 41 உலோகம், 22 பிளாஸ்டிக். உலோகத்தில் பெரும்பாலானவை 1980களில் சிட்டாடல் மினியேச்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் பொம்மை நிறுவனம் வார்த்தவை, பிளாஸ்டிக் எல்லாம் 1992இல் வந்த வார்ஹாமர் என்ற போர்விளையாட்டின் நான்காம் பதிப்புப் பெட்டியோடு வந்தவை. இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சுண்டுவிரல் பாதி உயரமுள்ள பொம்மை வீரர்களை நாமே வண்ணம் தீட்டி, வரிசையாக நிறுத்தி, அளவு நாடாவும் பகடையும் வைத்து மேசைமேல் போர் நடத்துவது.

அந்த டின்னில் இருந்ததில் பெரும்பாலானவை, மூன்று பேர் கைமாறி மூன்று முறை பெயின்ட் அடிக்கப்பட்டவை. கண் எது, மூக்கு எது என்று தெரியாத அளவுக்குப் பூச்சு தடித்திருந்தது. மீதி வேறு மாதிரி. யாரோ ஒருவர், அநேகமாகப் பள்ளிக்கூட வயதில், கேடயத்தில் கோணலாகச் சிரிக்கும் நிலா முகம் ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறார். எந்த இரண்டும் ஒன்றுபோல இல்லை. இந்தப் படையை மீட்டெடுக்க உட்கார்ந்தபோது ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு மூன்று வழிகள் இருந்தன, அநேகமாக எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டேன். அதனால் இது கேள்விப்பட்டதை வைத்து எழுதும் ஒப்பீடு இல்லை.

முதல் கேள்வி: முழுதாக உரிப்பதா, இருப்பதைச் செப்பனிடுவதா

பழைய படை வாங்குகிற எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை, எல்லாவற்றையும் உரித்து வெறும் உலோகமாக்கி, ஒரே கையில் ஒரே நிறத்தில் தீட்டிவிட வேண்டும் என்பது. அதில் நியாயம் இருக்கிறது. இந்தக் காலத்துக் கோப்ளின்களைச் செதுக்கிய கெவ் ஆடம்ஸின் பெருமையே முகங்கள்தான், அவரைக் கோப்ளின் மாஸ்டர் என்றே சொல்வார்கள். ஒவ்வொரு முகத்திலும் கன்னமடிப்பு, வளைந்த மூக்கு, பல்லிடுக்கு, காதில் கிழிசல் என்று அவ்வளவு வேலை. மூன்று பூச்சுக்கு அடியில் அது மூடிக்கிடந்தால் அந்தப் பொம்மையை வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை. உரித்தே ஆக வேண்டும்.

ஆனால் மெல்லிய பூச்சில் கவனமாகத் தீட்டப்பட்ட பொம்மையை ஏன் உரிக்க வேண்டும்? உரித்தால் அந்தக் கை போய்விடும், திரும்ப வராது. இன்றைக்கு விட்டு வைத்தால் அடுத்த வருஷம்கூட உரித்துக்கொள்ளலாம், இன்றைக்கு உரித்துவிட்டால் அடுத்த வருஷம் ஒட்டவைக்க முடியாது. என்னுடைய எல்லா முடிவுகளும் இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் வந்தன: திரும்பி வர முடிகிற வழி இருக்கும்போது திரும்ப முடியாத வழியில் இறங்காதே.

அதனால் நகத்தால் சோதித்தேன். பூச்சுக்கு மேல் நகத்தை ஓட்டும்போது அடியில் இருக்கிற சங்கிலிக் கவசத்தின் வளையம் தட்டுப்பட்டால் அது அப்படியே இருக்கட்டும், வழுவழுவென்று போனால் பெயின்ட்டை உரிக்கிற திரவத்தில் ஊறலுக்குப் போகட்டும். 41 உலோகத்தில் 26 ஊறலுக்குப் போயின, 15 தப்பித்தன. அந்த 15க்கும் சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் ஒரு கழுவல், பெயின்ட் உதிர்ந்த மூக்கு நுனி, ஈட்டி முனைகளில் தொட்டுச் சரிசெய்தல், அவ்வளவுதான்.

தொட்டுச் சரிசெய்ய நிறம் பொருந்த வேண்டுமே என்றால், அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அந்தக் காலத்துச் சிட்டாடல் பெயின்ட்டைத் தயாரித்துக் கொடுத்தது மான்செஸ்டரின் எச்.எம்.ஜி. நிறுவனம். அவர்கள் தயாரிப்பிலேயே கோட் டி ஆர்ம்ஸ் என்ற பெயரில் பழைய நிறங்கள் இன்றும் கிடைக்கின்றன. புதிய வரிசைகளிலிருந்து பச்சையைக் கலந்து கலந்து பார்த்து நான் இரண்டு சாயங்காலம் வீணாக்கினேன். இதை முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

எதில் ஊறவைப்பது

இங்கேதான் சண்டை அதிகம். அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், டெட்டால், கடையில் விற்கிற பெயின்ட் உரிப்பான் பசை என்று நான்கு கட்சி.

அசிட்டோன் வேகத்தில் முதலிடம். உலோகப் பொம்மையை மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டால் பத்து நிமிஷத்தில் பெயின்ட் தோல்போலச் சுருங்கி விலகும், பழைய சூப்பர் குளூ ஒட்டையும் சேர்த்து இளக்கிவிடும். ஹம்ப்ரோல் மாதிரியான பழைய எனாமல் (எண்ணெய் சார்ந்த) பூச்சுக்கும் இதுதான் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் பிளாஸ்டிக்கைக் கரைத்துக் கூழாக்கிவிடும். 1980களின் உலோகக் கோப்ளின் என்று சொன்னாலும் அது முழுக்க உலோகம் இல்லை, காலுக்குக் கீழே இருக்கிற சதுரப் பீடம் பிளாஸ்டிக், கையில் ஒட்டியிருக்கிற வட்டக் கேடயமும் பல நேரம் பிளாஸ்டிக். நான் ஒரு கேடயத்தைக் கவனிக்காமல் விட்டேன், நிலா முகம் வரைந்த கேடயம். ஜாடியைத் திறந்தபோது அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பு மட்டும் இருந்தது. இன்னும் அதற்காக வருத்தப்படுகிறேன். அப்புறம், அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், ஜன்னல் திறந்த இடத்தில் அடுப்பு ஹீட்டர் எதுவும் பக்கத்தில் இல்லாமல்தான் செய்ய வேண்டும்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம் உள்ளது, அசிட்டோனுக்கு நேர்மாறான சுபாவம். நிதானம். அக்ரிலிக் (நீர் சார்ந்த) பூச்சு ஓர் இரவில் இளகிவிடும், எனாமல் என்றால் தடுமாறும். பழைய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்வதில்லை, என்னுடைய 1992 கோப்ளின்கள் 22உம் இதில்தான் குளித்தன, ஈட்டி உட்பட எல்லாம் முழுசாக வெளியே வந்தன. வடிகட்டி வைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது இன்னொரு வசதி. இதுவும் தீப்பிடிக்கும், அதை மறக்க வேண்டாம்.

டெட்டால். நம் வீடுகளில் காயத்துக்கும் குளியல் வாளிக்கும் போகிற அதே பழுப்பு நிற டெட்டால்தான். பிரிட்டனில் பொம்மைப்படை வைத்திருக்கிறவர்களிடம் இதற்கு நெடுநாள் மரியாதை. நீர் கலக்காமல் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டால் அக்ரிலிக்கும் இளகும், எனாமலும் ஓரளவு இளகும், பிளாஸ்டிக்குக்கு ஆபத்தில்லை. கலப்படமாக எல்லாம் கிடக்கிற ஒரு டின்னுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றே ஆரம்பத்தில் நினைத்தேன்.

சிக்கல் அதற்குப் பிறகு. டெட்டாலில் ஊறிய பொம்மையைக் குழாயடியில் காட்டினால் அவ்வளவுதான், தண்ணீர் பட்டதும் இளகிய பெயின்ட் பிசினாக மாறி மறுபடியும் பொம்மைமேல் ஒட்டிக்கொள்ளும், பிரஷ்ஷையும் கையையும் பிடித்துக்கொள்ளும். தேய்ப்பது முழுக்க டெட்டாலிலேயே முடிய வேண்டும், அலசுவதும் புதிய டெட்டாலில், பெயின்ட் எல்லாம் போன பிறகுதான் பாத்திரம் கழுவுகிற சோப்பும் தண்ணீரும். வாசனை மூன்று நாள் வீட்டை விட்டுப் போகாது. பூனை வளர்க்கிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம், அதில் இருக்கிற பீனால் வகை வேதிப்பொருள் பூனைக்கு விஷம்.

உரிப்பான் பசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்பு இவற்றில் டைகுளோரோமீத்தேன் இருந்தது, நிமிஷங்களில் வேலை முடியும். அது உடம்புக்குக் கெடுதல் என்று வீட்டு உபயோகத்திலிருந்து 2010களின் தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். இப்போது வருகிற நீர்சார்ந்த பசைகளில் பயோஸ்ட்ரிப் 20 நன்றாகவே வேலை செய்கிறது, பூசி இருபது நிமிஷம் விட்டுத் தேய்த்தால் போதும், வாசனையும் குறைவு. ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகப் பூசுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதுதான் குறை.

என் தீர்ப்பு: பிளாஸ்டிக் துண்டு ஒன்றுகூட இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த உலோகத்துக்கு அசிட்டோன், மற்ற எல்லாவற்றுக்கும் ஐசோபுரொப்பைல். டெட்டாலை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். திரும்ப ஒரு படை வாங்கினால் நான் டெட்டால் பாட்டிலைத் திறக்க மாட்டேன்.

ஈயம் என்பதை மறக்கக் கூடாது

இதில் ஒப்பிட ஒன்றும் இல்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். 1990களின் பின்பாதிக்கு முந்தைய சிட்டாடல் உலோகத்தில் ஈயம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில்போலச் சாம்பல் கோடு விழும், ஈட்டியைத் தொட்டாலே வளையும், கையில் வைத்தால் கனம் தெரியும். இவற்றை உலர்ந்த நிலையில் அரத்தால் ராவக் கூடாது, நனைத்துச் செய்ய வேண்டும், கையுறை போட வேண்டும், வேலை நடக்கிற மேசையில் டீ கிளாஸ் வைக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் தேய்த்த கழிவை மூடி வைத்து அப்புறப்படுத்த வேண்டும், சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

சில பொம்மைகளின் கணுக்காலில் வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருக்கும். அது தூசி இல்லை, ஈயம் அரித்து உண்டான ஈயக் கார்பனேட், நச்சு. ஓக் மரப்பெட்டி, மலிவான அட்டைப்பெட்டி இவற்றிலிருந்து கசிகிற அசிட்டிக் அமில ஆவிதான் பெரும்பாலும் காரணம். நனைத்துத் தேய்த்து எடுத்து, நன்றாக உலர்த்தி, உடனே பிரைமர் என்கிற அடிப்பூச்சு பூசி மூடிவிட வேண்டும். என்னுடையதில் இரண்டே இரண்டுக்குத்தான் இது இருந்தது. அந்தப் பிஸ்கட் டின் தகரம், மரம் இல்லை. பழைய சொந்தக்காரருக்கு நன்றி.

தீட்டுவது: மூன்று பாணி

ஊறலிலிருந்து வந்த உலோகத்தில் மூன்று மூன்றாக எடுத்து மூன்று பாணியில் தீட்டிப் பார்த்தேன்.

முதலாவது கான்ட்ராஸ்ட் பெயின்ட். வார்ஹாமரை வெளியிடுகிற கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2019இல் கொண்டுவந்தது, இப்போது பல நிறுவனங்கள் இதே வகையைச் செய்கின்றன. வெள்ளைப் பிரைமருக்கு மேல் ஒரே பூச்சு, அது பள்ளத்தில் தேங்கி நிழலாகும், மேட்டில் மெலிந்து வெளிச்சமாகும். கெவ் ஆடம்ஸ் முகங்கள் இதற்காகவே செதுக்கியது போல அமைந்துவிடுகின்றன, அவ்வளவு ஆழமான மடிப்புகள். ஒரு கோப்ளினுக்கு இருபது நிமிஷம். ஆனால் சமதளமான கேடயத்திலும் அங்கியிலும் திட்டுத் திட்டாகக் காய்கிறது, வார்னிஷ் போடுவதற்குள் காது நுனியில் விரல் பட்டுத் தேய்ந்து வெள்ளை தெரிகிறது. அதைவிட முக்கியமாக, பக்கத்தில் தப்பித்த 15 பொம்மைகளை நிறுத்தினால் இவை வேறு ஊர்க்காரர்கள் மாதிரி இருந்தன.

இரண்டாவது, கறுப்புப் பிரைமருக்கு மேல் மூன்று படி. நாட்டிங்ஹாம் பக்கத்து வார்கேம்ஸ் ஃபவுண்ட்ரி பெயின்ட்கள் இந்த முறைக்காகவே வருகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஏ, பி, சி என்று மூன்று குப்பி: நிழல், நடுநிறம், வெளிச்சம். பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிற கெவின் டாலிமோர் இதைப் பிரபலமாக்கினார். நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே கறுப்புக் கோடு விட்டுவிடுவதால் மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தாலும் முகம் தெளிவாகத் தெரிகிறது, மேசையில் விளையாட இதைவிட நல்லது கிடையாது. ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது, கை நடுங்காமல் இருக்க வேண்டும், அவசரப்பட்டால் மூன்றாவது படி கோமாளி வேஷமாகிவிடும்.

மூன்றாவது, 1980களில் செய்ததையே செய்வது: வெள்ளைப் பிரைமர், பளிச்சென்ற அடிநிறம், அதன்மேல் மை போன்ற மெல்லிய நிழல், காய்ந்ததும் உலர்ந்த பிரஷ்ஷால் மேலோட்டமாக ஒரு வெளிர்நிறம். சிவப்பு சிவப்பாகவே இருக்கும், மஞ்சள் மஞ்சளாகவே. இன்றைய கண்ணுக்குக் கொஞ்சம் கடைத்தெரு பொம்மை மாதிரி தோன்றலாம். நாற்பது நிமிஷத்தில் ஒன்று முடிகிறது.

அழகு என்று மட்டும் கேட்டால் இரண்டாவது ஜெயிக்கிறது, நேரம் என்று கேட்டால் முதலாவது. நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பையனோ பெண்ணோ தீட்டிய 15 கோப்ளின்களுக்குப் பக்கத்தில் நின்று சேர்ந்து போகிற பாணி அது ஒன்றுதான். படை என்பது ஒன்றாக நிற்க வேண்டும். முகத்துக்கு மட்டும் இரண்டாவது பாணியிலிருந்து கடைசி வெளிச்சப் படியைக் கடன் வாங்கினேன், மூக்கிலும் கீழ் உதட்டிலும் ஒரு புள்ளி.

பீடமும் வார்னிஷும்

பழைய கோப்ளின் பீடம் 20 மில்லிமீட்டர் சதுரம். 2024இல் வந்த வார்ஹாமரின் ஓல்ட் வேர்ல்டு விளையாட்டில் கோப்ளினுக்கு 25. அதற்காகப் பழைய பீடத்தைப் பிய்த்து எறிய வேண்டியதில்லை, இடைவெளி விட்டுக் கட்டங்கள் வெட்டிய, வரிசையை மொத்தமாக நகர்த்தும் தட்டு ஒன்று செய்துகொண்டால் பழைய வார்ஹாமர், ஓல்ட் வேர்ல்டு என்று இரண்டு விளையாட்டுக்கும் ஆகும். பீடத்துக்குள் செருகியிருக்கும் உலோகப் பட்டையில் பொம்மையின் பெயரும் ஆண்டும் வார்த்திருப்பார்கள். வட்டப் பீடத்துக்கு மாற்றுகிற ஆர்வத்தில் அதை வெட்டிவிடாதீர்கள், எந்தப் பொம்மை என்று கண்டுபிடிக்க அதைவிடச் சிறந்த சாட்சி வேறு இல்லை.

வார்னிஷ் பிரஷ்ஷால்தான். ஸ்ப்ரே வேகம்தான், ஆனால் இங்கிலாந்தின் ஈரமான நவம்பரில் வெள்ளை மூட்டமாகப் படிந்துவிடும், மாதக்கணக்கான வேலை ஒரு நிமிஷத்தில் போகும். முதலில் பளபளப்பு ஒரு பூச்சு, கைபட்டுத் தேயாமல் இருக்க. அதன்மேல் மங்கல் ஒரு பூச்சு. பழைய 15க்கும் இதே இரண்டு பூச்சு போட்டேன், நிலா முகக் கேடயங்கள் எல்லாவற்றையும் முன்வரிசையில் நிறுத்தினேன். கேடயம் போன அந்த ஒரு கோப்ளினுக்கு இன்னும் எதுவும் ஒட்டவில்லை.