ஒன்பது வோல்ட் மின்கலமும் ஒரு நாயும்: ஃபெட் தளம் குறித்து ஓர் ஆசிரியரின் மதிப்புரை

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் நடத்தும் வாரத்தில் ஆய்வகப் பெட்டியைத் திறந்தால், பாதி பல்புகள் இழை அறுந்தும் மின்கலங்கள் கசிந்தும் கிடக்கும். மிஞ்சியதைக் கொண்டு ஒரே ஒரு சுற்றை மேசைமேல் அமைத்துக் காட்டும்போது முன்வரிசை மட்டுமே அதைப் பார்க்கும். கடைசி வரிசைக்கு நம் முதுகுதான் தெரியும். இந்தச் சங்கடத்திற்கு மாற்றுத் தேடிப் பல இலவசத் தளங்களைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவை காணொளிகள், அவற்றை மாணவர்கள் தொலைக்காட்சி பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். ஆண்டுக்காண்டு நான் திரும்பிச் செல்வது, மாணவர்களே இயக்கிப் பார்க்கக்கூடிய அறிவியல் செயல்விளக்கங்களைத் தரும் ஃபெட் (PhET) தளத்திற்கு மட்டுமே.

அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டு இதைத் தொடங்கியவர் கார்ல் வீமன். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் இயற்பியலுக்கான நோபல் பரிசை மற்ற இருவருடன் பகிர்ந்துகொண்டிருந்தார். இயற்பியலில் தொடங்கிய தளம் பின்னர் வேதியியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் என விரிந்து, இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஊடாடும் செயல்விளக்கங்களைக் கொண்டிருக்கிறது. அவற்றைத் திறந்து இயக்கக் கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டியதில்லை. ஆசிரியர் குறிப்புகளைப் பெறுவதற்கு மட்டும் இலவசமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

என் மதிப்பில் இத்தளத்தின் மிகச் சிறந்த செயல்விளக்கம் நேர்மின்சுற்று அமைக்கும் பெட்டிதான். கம்பி, மின்கலம், பல்பு, மின்தடையம், சாவி ஆகியவற்றை இழுத்து வந்து திரையில் இணைக்கலாம். மின்கலம் 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்ற அளவுகளோடு தொடங்குவதால் கணக்கும் எளிது: ஒரு பல்பு இணைத்தால் அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். இரண்டைத் தொடர் இணைப்பில் வைத்தால் 0.45, பக்க இணைப்பில் வைத்தால் மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டம் 1.8. கரும்பலகையில் ஓம் விதியைக் கொண்டு மாணவர்களையே முதலில் கணக்கிடச் சொல்லி, பிறகு திரையில் அளந்து பார்க்க விட்டால், விடை சரியாக அமையும்போது வகுப்பில் எழும் ஆரவாரம் காணொளி காட்டும் நாளில் எழுவதில்லை. மின்கலத்தின் இரு முனைகளையும் வெறுங்கம்பியால் இணைத்தால் மின்கலம் தீப்பற்றி எரிவதாகக் காட்டும். குறுக்குச் சுற்று ஏன் ஆபத்தானது என்பதை ஒருவருக்கும் தீங்கின்றிக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நாணயம், அழிப்பான், பென்சில், காகிதப் பிடிப்பூசி, ஒரு டாலர் நோட்டு, போதாக்குறைக்கு ஒரு நாய் ஆகியவையும் பெட்டியில் உண்டு. எது கடத்தி, எது கடத்தாது என்று சுற்றில் இணைத்துச் சோதிக்கலாம். நாயைத்தான் எல்லோரும் முதலில் இணைக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் செயல்விளக்கத்தின் உண்மையான பயன் அளவீட்டைக் காட்டிலும் கம்பிக்குள் நகரும் எலக்ட்ரான்களில்தான் இருக்கிறது. மின்னோட்டம் மின்கலத்திலிருந்து புறப்பட்டு முதல் பல்பில் கொஞ்சம் செலவாகி, மீதிதான் இரண்டாவது பல்புக்குப் போகிறது என்பது நன்றாகப் படிக்கும் மாணவர்களிடமும் ஊறிக் கிடக்கும் தவறான எண்ணம். சாவியை மூடிய கணத்தில் சுற்று முழுவதிலுமுள்ள எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நகரத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கும்போது அந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. உடனே அடுத்த கேள்வி வரும்: "ஐயா, இவ்வளவு மெதுவாக நகர்ந்தால் பல்பு எப்படி உடனே எரிகிறது?" உண்மையான கம்பியிலும் எலக்ட்ரான்கள் கம்பி வழியே சராசரியாக நகரும் வேகம், அதாவது இழுப்புத் திசைவேகம், மிகக் குறைவே, கம்பி முழுவதும் அவை ஏற்கெனவே நிறைந்திருப்பதால்தான் காத்திருக்க நேர்வதில்லை என்ற விளக்கத்தை, கேட்கத் தயாராக இருக்கும் காதுகளுக்கு அப்போது சொல்ல முடிகிறது. செயல்விளக்கத்திற்குள் பத்தி பத்தியாக விளக்கம் எழுதாமல் விட்டிருப்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். அந்த வெற்றிடத்தில்தான் இப்படிப்பட்ட கேள்விகள் முளைக்கின்றன என்பதால் எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

தனி ஊசல் செயல்விளக்கமும் தரமானது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலின் அலைவு நேரம் புவியில் ஏறத்தாழ 2 வினாடி. அதையே நிலவுக்கு மாற்றினால் 5 வினாடியை நெருங்கும். பெயரிடப்படாத ஒரு கோளும் பட்டியலில் உள்ளது. அதன் ஈர்ப்பு முடுக்கத்தை அலைவு நேரத்திலிருந்து கண்டுபிடிக்கச் சொன்னால் ஒரு பாடவேளை முழுவதும் பயனுள்ளதாகக் கழியும். ஒரு திரவம் எவ்வளவு அமிலத்தன்மை அல்லது காரத்தன்மை உடையது என்று காட்டும் பிஎச் அளவீட்டில் பால், காபி, இரத்தம் ஆகியவற்றோடு வாந்தியையும் சேர்த்திருக்கிறார்கள். அதன் மதிப்பு 2 என்பதை எந்த மாணவரும் மறக்கப்போவதில்லை. கணிதப் பகுதியைப் பொறுத்தவரை, வடிவியலுக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளே மேல் என்பேன்.

மொழி குறித்துச் சற்று எச்சரிக்கை தேவை. தளத்தின் மொழிபெயர்ப்புகளைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே செய்கிறார்கள். தமிழில் சில செயல்விளக்கங்கள் கிடைக்கின்றன, எல்லாம் கிடைப்பதில்லை. தமிழகப் பாடநூல் எலக்ட்ரான் என்பதை இலங்கைப் பாடநூல் இலத்திரன் என்கிறது. நாம் ஹைட்ரஜன் என்பது அங்கே ஐதரசன். எனவே மொழிபெயர்ப்பு எந்த வழக்கில் அமைந்திருக்கிறது என்பதை முந்தைய நாளே திறந்து பார்த்துவிடுவது நல்லது. இல்லையென்றால் பாடவேளையில் பத்து நிமிடம் கலைச்சொல் விளக்கத்திலேயே போய்விடும். மொழிபெயர்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குத் தளமே கருவி தருகிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இணைய இணைப்பை நம்பி வகுப்புக்குச் சென்று, சுழலும் வட்டத்தை நாற்பது மாணவர்களுடன் சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு ஒருமுறை உண்டு. அதன்பின்தான் ஒவ்வொரு செயல்விளக்கத்தையும் தனிக் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளலாம் என்பதைக் கவனித்தேன். சில மெகாபைட் அளவே உள்ள அந்தக் கோப்பை விரலியில் (பென் டிரைவில்) எடுத்துச் சென்றால், இணையமே இல்லாத கணினியிலும் உலாவியில் திறந்துவிடும். கைபேசியிலும் இயங்குகிறது, ஆனால் சிறிய திரையில் கம்பியின் முனையை விரலால் பிடித்து இணைப்பதற்குப் பொறுமை வேண்டும். பழைய ஜாவா வடிவத்திலேயே தங்கிவிட்ட சிலவற்றைக் கைபேசியில் திறக்க இயலாது. ஆசிரியர்கள் பதிவேற்றியுள்ள பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழி வகுப்புக்கு நாமே புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது இந்தச் செயல்விளக்கங்களின் நேர்த்தியிலேயே இருக்கிறது. திரையில் உள்ள மின்கலம் தீர்ந்துபோவதில்லை, இணைப்பு தளர்வதில்லை, அளவீட்டில் பிழை வருவதில்லை. வழக்கமாகத் தரப்படும் பல்பு மின்தடையத்தைப்போல் மாறாத தடையோடு நடந்துகொள்கிறது. ஆனால் உண்மையான பல்பின் இழை சூடேறும்போது அதன் தடை பல மடங்கு உயரும். திரையில் மட்டுமே சுற்று அமைத்துப் பழகிய மாணவர் ஒருவரிடம் உண்மையான கம்பியைக் கொடுத்தபோது, அதன் நெகிழி உறையைச் சீவாமலேயே மின்கலத்தில் வைத்துக்கொண்டு, ஏன் எரியவில்லை என்று கேட்டார். தவறு என்னுடையது, அந்த ஆண்டு நான் மேசைச் சோதனையைச் செய்யாமலே விட்டிருந்தேன்.

ஆகவே இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் டார்ச் மின்கலம், ஒரு பல்பு, ஒரு கம்பித் துண்டு ஆகியவற்றைக் கொடுத்து எரிய வைக்கச் சொல்கிறேன். எரிந்ததா இல்லையா என்பதைக் குறிப்பேட்டில் வரைந்த பிறகே திரை ஒளிரும். ஐந்தில் மதிப்பெண் தரச் சொன்னால் நேர்மின்சுற்றுப் பெட்டிக்கு ஐந்து, தளத்திற்கு நான்கரை. அந்த அரையை இன்னும் தமிழுக்கு வராத செயல்விளக்கங்களுக்காகக் குறைத்திருக்கிறேன்.