பலாலி – சென்னை: மூன்று வருடப் பயண அனுபவம்

அம்மாவின் இதயப் பரிசோதனைக்காக வருடத்துக்கு இரண்டு தடவை சென்னைக்குப் போய் வருகிறோம். 2022 டிசம்பரில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் மறுபடி தொடங்கியது. அடுத்த மாதமே முதல் பயணம். அதற்கு முன்பெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் தெற்கே போய், கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் காத்திருந்து, அங்கிருந்து 640 கிலோமீற்றர் வடக்கே பறப்போம். விட்டுவந்த ஊரின் பக்கமே திரும்பி வடக்கே போவதுதான் அது. வீட்டை விட்டுக் கிளம்பினால் முழுசாக ஒரு நாள் போய்விடும். அம்மாவின் கால் வீங்கிவிடும்.

பலாலிக்கும் சென்னைக்கும் வான்வழியில் ஏறக்குறைய 355 கிலோமீற்றர்தான். கொழும்புக்குப் போகும் தெருவை விடக் குறைவு! 1947 டிசம்பரில் இலங்கையின் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து, பலாலியை அடுத்த காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் போனது. பழைய வழி திரும்பக் கிடைத்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

ஓடுவது ஏடிஆர் 72 என்ற உந்துவிசிறி விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும். கணக்குப் போட்டால் முக்கால் மணித்தியாலம் வரும், ஆனால் அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலம் போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, சென்னையில் இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். பயணத்தைத் திட்டமிட அந்த ஒன்றேகால் மணித்தியாலத்தையும் நம்ப வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் எங்கள் வீட்டுப் படியிலிருந்து சென்னைப் போரூரில் மாமா வீட்டுப் படிவரை சராசரியாக ஆறு மணித்தியாலம் ஆகிறது. அதில் பெரும்பங்கு குடிவரவு வரிசைக்கும் சென்னை நெரிசலுக்கும்.

கார்த்திகை, மார்கழியில் இன்னும் கவனம் வேண்டும். வடகீழ் மழை இரண்டு பக்கமும் ஒன்றாகவே பெய்கிறது. ஒருமுறை அன்றைய சேவையே ரத்தாகிவிட்டது. அதைச் சொன்னது விமான நிலையத்துக்குப் போன பிறகுதான். டொக்டரிடம் எடுத்த நாளும் தவறியது. எனக்குக் கடும் கோபம். அதன் பிறகு பரிசோதனைக்கு முதல் நாள் அல்ல, இரண்டு நாள் முன்னமே போய்விடுகிறோம்.

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு ஒன்று. இந்த விமானத்தில் ஏறும் கதவு பின்பக்கம். அதனால் பின் வரிசை இருக்கை கேளுங்கள், நடை குறையும், உந்துவிசிறிச் சத்தமும் அங்கே குறைவு. படியேற முடியாதவர் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். பொதி நிறையை டிக்கெட்டில் பார்த்துக் கட்டுங்கள். அம்மா பனங்கட்டி, ஒடியல், மிளகாய்த்தூள் என்று அடுக்கி, இரண்டு தடவை மேலதிகக் காசு கட்டினோம்.

அப்புறம், இறக்கை மேலே இருப்பதால் எந்த யன்னலிலும் கீழே நன்றாகத் தெரியும். போகும்போது இடப்பக்கம் இருந்தால், வானம் தெளிந்த நாளில் கோடியக்கரையிலிருந்து கரை கோடாக நீண்டு வரும். முதல் தடவை பார்த்தபோது, "இவ்வளவு கிட்டவா?" என்று அம்மா கேட்டார். இப்போது ஒவ்வொரு முறையும் அந்த யன்னலைத்தான் கேட்கிறார். மாசியில் அடுத்த பயணம், பின் வரிசையில் இடப்பக்கம் பதிந்தாயிற்று.