பெருநகரில் நாளொரு பொழுதுபோக்கு: பதினான்கு மாத அனுபவம்

பெருநகரில் வாழ்பவர்கள் இரண்டு குறைகளை மாறி மாறிச் சொல்வதுண்டு. ஊரில் எவ்வளவோ நடக்கிறது, நமக்குத்தான் எதற்கும் நேரமில்லை என்பது ஒன்று. நேரம் கிடைக்கிற அன்று பார்த்து எதுவுமே நடப்பதில்லை என்பது மற்றொன்று. இவற்றில் எது உண்மை என்று சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில், வேலைநாள், விடுமுறை நாள் என்ற வேறுபாடு இல்லாமல் நாள்தோறும் வீட்டுக்கு வெளியே மனத்துக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. இதற்காக நான் பயன்படுத்திய செயலிகளிலும் நாட்காட்டிகளிலும் எவை தாக்குப்பிடித்தன, எவை பாதியில் கைவிடப்பட்டன என்பதை இங்கே எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: நிகழ்ச்சிகளைத் தேடித் தரும் செயலிகள் வாரத்தில் இரண்டு நாள்களுக்குத்தான் உதவின, மீதி ஐந்து நாள்களைக் காப்பாற்றியவை நிகழ்ச்சி எதையும் பட்டியலிடாத கருவிகள்.

தொடக்கத்தில் எல்லோரையும் போல நானும் பட்டியல் தளங்களையே நம்பினேன். 2002இல் தொடங்கப்பட்ட மீட்டப், 2006இல் தொடங்கப்பட்ட ஈவென்ட்பிரைட் ஆகிய இரண்டும் பல நாடுகளின் நகரங்களில் இயங்குகின்றன. ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது. முன்னது குழுக்களை மையமாகக் கொண்டது. ஒரு குழுவில் சேர்ந்தால் அதே மனிதர்களை மீண்டும் மீண்டும் சந்திக்கலாம். பின்னது அனுமதிச்சீட்டை மையமாகக் கொண்டது; அங்கே ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனித்து நிற்கும், இன்று அருகில் அமர்ந்தவரை மறுபடி பார்க்க வாய்ப்புக் குறைவு. பொழுதுபோக்கு வேண்டுபவர் எதைத் தேடுகிறார், கூட்டத்தையா காட்சியையா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் பாதித் தேடல் குறைந்துவிடும்.

இவை இரண்டும் அல்லாத வேறொரு செயலியைத்தான் நான் முதல் மூன்று மாதங்கள் அதிகம் நம்பியிருந்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. ஒரே நிகழ்ச்சி மூன்று தலைப்புகளில் மூன்று முறை வரும். முடிந்துபோன தொடர் நிகழ்ச்சி, நடத்தியவர் நீக்க மறந்துவிட்ட காரணத்தால், ஒவ்வொரு வாரமும் புதிதுபோல் தலைகாட்டும். பணம் கட்டி விளம்பரப்படுத்தப்பட்டவை எப்போதும் மேலே நிற்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அது என் தேர்வுகளிலிருந்து கற்றுக்கொண்ட விதம். இத்தகைய பரிந்துரை முறைகள் பெரும்பாலும், நம்மைப் போன்ற தேர்வுகளைச் செய்த பிறர் எவற்றை விரும்பினார்கள் என்று பார்த்து அவற்றையே நமக்கும் நீட்டுகின்றன. நான் தொடர்ந்து இரண்டு முறை மண்பாண்டப் பயிற்சிக்குச் சென்றுவிட்டேன். அதன்பின் இந்த நகரத்தில் களிமண்ணைத் தவிர வேறொன்றும் இல்லையோ என்று ஐயுறும் அளவுக்கு அதே வகை அழைப்புகள் குவிந்தன. ஒரு மாலை, எங்கே போவது என்று தேடிக்கொண்டே ஒன்றேகால் மணி நேரத்தைக் கழித்துவிட்டு எங்கும் போகாமல் உறங்கிய பிறகுதான், தேடலுக்குப் பதினைந்து நிமிடம் என்ற வரம்பை வைத்தேன். அதற்குள் முடிவாகாவிட்டால் நடந்து செல்லக்கூடிய தொலைவில் இருப்பதே அன்றைய பொழுதுபோக்கு. இந்த வரம்பு இன்றுவரை மாறவில்லை.

இலவச நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு குறிப்பு. இடங்கள் நிறைந்துவிட்டன என்று காட்டினால் மனம் தளர வேண்டியதில்லை. கட்டணம் இல்லை என்பதால் பலர் பதிவு செய்துவிட்டு வருவதே இல்லை. சிலர் முதல் நாள் மாலையில் பதிவை நீக்குகிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு முந்தைய நாள் இரவில் ஒருமுறை பார்த்ததில் எனக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்திருக்கிறது.

நான்காம் மாதத்தில் நாட்காட்டிச் சந்தாவுக்கு மாறினேன். நூலகங்கள், அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகத் துறைகள் எனப் பல நிறுவனங்கள் தங்கள் நிகழ்ச்சிகளை ஐகேலண்டர் என்னும் பொது வடிவத்தில் வெளியிடுகின்றன. 1998இல் வகுக்கப்பட்டு 2009இல் திருத்தப்பட்ட இந்த வடிவத்தை ஏறக்குறைய எல்லா நாட்காட்டிச் செயலிகளும் படிக்கும். நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கும் சந்தா இணைப்பை நகலெடுத்து நம் நாட்காட்டியில் ஒட்டிவிட்டால், அவர்கள் சேர்ப்பவை தாமாகவே நம்மிடம் வந்து சேரும். விளம்பரமும் பரிந்துரையும் இடையில் நுழைவதில்லை. இதனால் எனக்குக் கிடைத்த பெரும்பேறு, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் பல்கலைக்கழக உரைகள். நிலநடுக்கத்தை அளக்கும் முறை பற்றியும் பழைய வரைபடங்களில் உள்ள பிழைகள் பற்றியும் துறை அறிஞர்கள் பேசுவதை இருபது பேர் மட்டுமே அமர்ந்திருந்த அறையில் கேட்டிருக்கிறேன். பட்டியல் செயலிகளில் இவை வருவதே இல்லை. விற்பதற்கு அங்கே சீட்டு இல்லையே.

இதிலும் ஒரு பொறி உண்டு. சந்தா எடுத்த நாட்காட்டி உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை; சில செயலிகள் பல மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதிய நிலவரத்தைக் கேட்டு வாங்குகின்றன. காலையில் ரத்தான உரை என் நாட்காட்டியில் மாலைவரை அப்படியே இருந்ததால், பூட்டிய அரங்கின் வாசலில் என்னைப் போலவே வந்து சேர்ந்த இன்னும் நால்வரோடு நின்றிருக்கிறேன். (அந்த நால்வரில் ஒருவர் இப்போது என் நண்பர் என்பதால் அந்த மாலையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.) அன்றிலிருந்து புறப்படும் முன் நிறுவனத்தின் பக்கத்தை ஒருமுறை நேரில் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

ஆண்டுக்கு ஒருமுறை வருபவற்றைத் தனி நிறத்தில் குறித்து வைப்பதும் பயனளித்தது. மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள். 1977 முதல் கடைப்பிடிக்கப்படும் இந்த நாளையொட்டிப் பல அருங்காட்சியகங்கள் வழக்கமாகக் காட்டாத பகுதிகளைத் திறக்கின்றன அல்லது கட்டணத்தைத் தவிர்க்கின்றன. வழக்கமாக உள்ளே விடாத கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ஓப்பன் ஹவுஸ் 1992இல் லண்டனில் தொடங்கிப் பின்னர் பல நாடுகளின் நகரங்களுக்குப் பரவியது. மே மாத முதல் வார இறுதியையொட்டி நடக்கும் ஜேன்ஸ் வாக் 2007இல் டொராண்டோவில் பிறந்தது. நகரியல் சிந்தனையாளர் ஜேன் ஜேக்கப்ஸின் நினைவாகக் குடியிருப்பாளர்களே தங்கள் தெருக்களைச் சுற்றிக்காட்டும் இலவச நடை அது. மூன்றும் எல்லா ஊர்களிலும் இல்லை. இருக்கும் ஊர்க்காரர்கள் தவறவிட வேண்டாம்.

இவ்வளவும் சேர்த்தும் செவ்வாய், புதன், வியாழன் மாலைகள் வெறுமையாகவே இருந்தன. களைத்து வீடு திரும்புபவருக்கு ஏழு மணிக்கு நகரின் மறுகோடியில் நடக்கும் கச்சேரி இருந்தும் இல்லாதது போலத்தான். அங்கேதான் நிகழ்ச்சியே இல்லாத கருவிகள் உள்ளே வந்தன.

முதலாவது ஐநேச்சுரலிஸ்ட். 2008இல் பெர்க்லியில் முதுநிலை மாணவர்களின் திட்டப்பணியாகத் தொடங்கிய இது, நாம் எடுக்கும் செடி, பூச்சி, பறவைப் படங்களை இடத்தோடும் நேரத்தோடும் பதிந்து, என்ன உயிரினம் என்று பிறரும் சேர்ந்து அடையாளம் காணும் தளம். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒத்துப்போனால், பிற விவரங்களும் சரியாக இருக்கும் பதிவு ஆய்வுத்தரம் பெறுகிறது. தொட்டியில் வளர்க்கும் செடிக்கு அந்தத் தகுதி கிடையாது. தானாக முளைத்ததற்கே கிடைக்கும். இந்த ஒரு விதி என் நடையையே மாற்றிவிட்டது. பூங்காவின் அழகுச் செடிகளைக் கடந்து, மதில் விரிசலிலும் மழைநீர்க் குழாயின் அடியிலும் முளைத்தவற்றைக் குனிந்து பார்க்கத் தொடங்கினேன். பேருந்து நிறுத்தத்துக்குச் செல்லும் அதே பத்து நிமிடப் பாதையில் ஓராண்டில் 140க்கும் மேற்பட்ட உயிரினங்களைப் பதிந்திருக்கிறேன். பறவைகளுக்கு மெர்லின் செயலி போதும். 2021 முதல் அது குரலைக் கேட்டும் பெயர் சொல்கிறது. போக்குவரத்து இரைச்சல் அடங்கிய விடியற்காலையில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றால், பார்க்காத பறவையின் பெயர் திரையில் எழும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்கு எந்த அரங்கச் சீட்டும் ஈடாகாது என்பது என் கருத்து.

இரண்டாவது, வானத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையம் கடந்து செல்வதைப் பார்ப்பது. பெருநகர வெளிச்சத்தில் விண்மீன்கள் மங்கிப்போனாலும், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை உலகைச் சுற்றும் இந்த நிலையம் தெளிவாகத் தெரியும். தரையில் இருள் கவிந்தும் அந்த உயரத்தில் வெயில் எஞ்சியிருக்கும் அந்தி வேளையிலும், விடியலுக்குச் சற்று முன்பும்தான் பார்க்க முடியும். விமானத்தைப் போல விளக்குச் சிமிட்டாமல் ஒரே ஒளியாக நகர்ந்து, சில நாள்களில் நடுவானிலேயே புவியின் நிழலுக்குள் நுழைந்து மறைந்துவிடும். நம் இருப்பிடத்தைக் கொடுத்தால் நாசாவின் சேவை நேரத்தையும் திசையையும் முன்கூட்டியே தெரிவிக்கும். மொத்தம் ஐந்தாறு நிமிடங்கள்தான். மாடி ஏறி இறங்கும் நேரத்தைச் சேர்த்தாலும் கால் மணி ஆகாது.

மூன்றாவது ஜியோகேச்சிங். அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞைகளில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே 2 அன்று நீக்க, மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்து அதன் ஆயத்தொலைவுகளை வெளியிட்டதிலிருந்து வளர்ந்த புதையல் விளையாட்டு இது. நகரங்களில் மறைத்து வைக்கப்படும் பெட்டி பெரும்பாலும் விரல்நுனி அளவுதான். உள்ளே சுருட்டி வைத்த தாளில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பேனா எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம், அதில் இருக்காது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை எதிரொலிப்பதால் கைப்பேசி காட்டும் புள்ளி பல மீட்டர் விலகும், ஆகவே கடைசி நேரத்தில் கண்ணை நம்புவதே நல்லது. கம்பிவேலியின் அடியில் துழாவிக்கொண்டிருக்கையில் காவலர் ஒருவர் வந்து விசாரித்தார். விளக்கியதும் அவரும் சேர்ந்து தேடினார், இருவருக்கும் கிடைக்கவில்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்துக்குத் தகவல் சேர்க்கும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியையும் சில மாதங்கள் பயன்படுத்தினேன். இந்த நடைபாதை எதனால் ஆனது, இந்த இருக்கைக்குச் சாய்மானம் உண்டா என்று அது கேட்கும். நாம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். என் குடியிருப்பைச் சுற்றியுள்ள கேள்விகள் தீர்ந்ததும் ஆர்வமும் தீர்ந்துவிட்டது.

இடத் தகவலைக் கேட்கும் செயலிகளுக்கு, பயன்படுத்தும்போது மட்டும் என்ற அனுமதியைக் கொடுப்பது மின்கலத்துக்கும் தனியுரிமைக்கும் நல்லது. வீட்டருகே எடுத்த படங்களைப் பதியும்போது துல்லியமான இடத்தை மறைக்கும் வசதி ஐநேச்சுரலிஸ்டில் உண்டு. தொடக்கத்தில் அதைக் கவனிக்காமல் என் வீட்டு வாசலையே உலகுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

விதியை நான் முழுமையாகக் காப்பாற்றவில்லை. காய்ச்சலில் ஒன்பது நாள்களும் வேலை நெருக்கடியில் ஏறக்குறைய இருபது நாள்களும் விட்டுப்போயின. ஆறாம் மாதத்தில் இது பொழுதுபோக்கா, இன்னொரு வேலையா என்ற சலிப்பு வந்தபோது, இருபது நிமிடம் இருந்தாலும் கணக்கில் சேரும் என்று விதியைத் தளர்த்தினேன். அதற்குப் பிறகுதான் வாரநாள்கள் இயல்பாயின. புதிதாக ஏதாவது என்ற வேட்கையும் அப்போதே குறைந்தது. சனிக்கிழமை நடைக்குழு ஒன்றுக்கு மூன்று முறை தொடர்ந்து சென்றதில் பெயர் சொல்லி அழைக்கும் நிலை வந்தது. பதினோரு இடங்களுக்கு ஒவ்வொரு முறை சென்றதில் அது நேரவில்லை.

இப்போது என் கைப்பேசியில் பட்டியல் செயலி ஒன்றுதான் இருக்கிறது. அதையும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திறக்கிறேன். ஏழு நாட்காட்டிச் சந்தாக்களும் மேலே சொன்ன மூன்று கருவிகளும் மற்ற நாள்களைப் பார்த்துக்கொள்கின்றன. இன்னும் வழி கிடைக்காதது மழை பெய்யும் திங்கள்கிழமைக்குத்தான். இங்கே பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் வார விடுமுறை. வானம் மூடியிருக்கும், பூச்சிகள் ஒளிந்திருக்கும், தாளில் எழுதினால் மை கரையும். சென்ற மாதம் அப்படி இரண்டு திங்கள்கள் வந்தன. இரண்டையும் நூலகத்தின் வாசிப்பறையில்தான் கழித்தேன்.