சவுலும் தாவீதும்: ஒரே வாக்கியம், இரண்டு மனசு

பைபிளில் வரும் இந்த இரண்டு இஸ்ரவேல் ராஜாக்களும் தீர்க்கதரிசியிடம் மாட்டிக்கொண்டவர்கள்தான். குற்றத்தை எடை போட்டால் தாவீதுடையதே கனம்: தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனையும் போர்முனையில் சாகவைத்தவர். சவுல் செய்தது, கர்த்தர் அழிக்கச் சொன்ன எதிரி ஜனமான அமலேக்கியரின் ராஜாவையும் நல்ல ஆடுமாடுகளையும் தப்பவிட்டது.

தீர்க்கதரிசி சாமுவேல் கேட்டதும் சவுல் முதலில் மறுக்கிறார், அப்புறம் ஜனங்கள்மேல் பழி போடுகிறார். கடைசியில் “பாவஞ்செய்தேன்” என்றவர், அதே மூச்சில் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணச் சொல்கிறார் (1 சாமுவேல் 15:30). கர்மேலில் தனக்கென்று ஜெயஸ்தம்பம் நாட்டிவிட்டு வந்த மனுஷர் வேறென்ன கேட்பார்!

தீர்க்கதரிசி நாத்தான் “நீயே அந்த மனுஷன்” என்றபோது தாவீதும் பாவஞ்செய்தேன் என்றுதான் சொன்னார். சாக்கு இல்லை, கௌரவம் கேட்கவில்லை. உரியாவின் மனைவியிடம் பிறந்த பிள்ளை இறந்தது, வீட்டைவிட்டுப் பட்டயமும் (வாளும்) நீங்கவில்லை. சவுலுக்குப் போனதுபோல ராஜ்யம் மட்டும் பறிபோகவில்லை.