ஹைபனா, அண்டர்ஸ்கோரா, இடைவெளியா? இணையதளக் கோப்புகளுக்குப் பெயர் வைப்பது எப்படி

கோப்புப் பெயரில் சொற்களை எதைக் கொண்டு பிரிப்பது? இடைவெளியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். யுஆர்எல்லில், அதாவது இணைய முகவரியில், அதற்கு இடமில்லை, %20 என்ற குறியாக மாறிவிடும். முகவரியை யாராவது கையால் தட்டி அனுப்பினால், இடைவெளி வரும் இடத்திலேயே லிங்க் அறுந்துபோகும்.

அண்டர்ஸ்கோர் (_), ஹைபன் (-) இரண்டுமே செல்லும். ஆனால் லிங்கின் அடியில் கோடு விழும்போது அண்டர்ஸ்கோர் அதில் மறைந்து, இடைவெளி போலத் தெரியும். சொற்களைப் பிரிக்க ஹைபனைத்தான் கூகுளும் பரிந்துரைக்கிறது. என் ஓட்டும் ஹைபனுக்கே.

பிரிக்காமல், ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கிச் சேர்த்து எழுதுவோரும் உண்டு. இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் வழக்கமாகப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். மேக்கும் பெரும்பாலும் அப்படித்தான். தளத்தைத் தாங்கும் லினக்ஸ் சர்வர் இரண்டையும் வேறுவேறு கோப்பாகப் பார்க்கும். சொந்தக் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த படம், தளத்தில் ஏற்றியதும் ‘கிடைக்கவில்லை’ என்று பொருள்படும் 404 பிழையைக் காட்டும். படத்தின் வடிவத்தைச் சொல்லும் அந்தக் கடைசி மூன்று எழுத்துகள் கேமராவிலிருந்து பெரிய எழுத்தில் வந்தாலும் இதே கதைதான். எல்லாமே சின்ன எழுத்து என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சரி, தமிழிலேயே பெயர் வைக்கலாமா? வைக்கலாம், பிரவுசர்கள் திறக்கும். ஆனால் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ‘அம்மா’ என்ற ஒரே சொல் 45 குறிகளாக நீண்டுவிடக்கூடும். அதைவிடப் பெரிய சிக்கல், ‘கொ’ போன்ற எழுத்தை, கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில், இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் சர்வருக்கு அவை வேறு பெயர்கள். கட்டுரையின் முகவரி தமிழில் இருப்பது எனக்குப் பிடிக்கும். வாசகர் அதைப் படிக்கிறார். படம், ஸ்டைல் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும்) கோப்புகளுக்கு மட்டும் ஆங்கில எழுத்தே போதும்.

ஃபோல்டர்களைத் தலைப்பு வாரியாகவும் பிரிக்கலாம், ஆண்டு வாரியாகவும் பிரிக்கலாம். செய்தித் தளத்துக்கு ஆண்டு சரி. மற்றவற்றுக்குத் தலைப்புதான் நல்லது. பெயரில் தேதி வந்தால் 2024-03-05 என்று ஆண்டை முதலில் எழுதுங்கள். அப்போதுதான் பெயர் வரிசையே கால வரிசையாகவும் அமையும்.

ஏற்கெனவே வெளியான பக்கங்களின் பெயரை மாற்றியே தீரவேண்டும் என்றால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போட்டுவிடுங்கள்.